தினம் ஒரு அத்தியாயம்! மழையில் பிறந்த "புதையல் தீவு"

மழை! விடாத மழை!

1881-ம் ஆண்டு. ஸ்காட்லாந்தில் உள்ள பிரேமார் என்ற மலை ஊர். பெயருக்குத்தான் கோடைக்காலம். வெளியே தலை காட்ட முடியவில்லை.

ஒரு வீட்டில், லாயிட் என்ற 13 வயதுப் பையன் வர்ணம் தீட்டிக்கொண்டிருந்தான். அவன் தாயை மறுமணம் செய்திருந்த எழுத்தாளர் ஸ்டீவன்சன், பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

காகிதத்தில் ஒரு தீவு உருவாயிற்று. மலை, துறைமுகம், புதையல் இருக்கும் இடம்!

படம் வந்துவிட்டது. கதை வேண்டாமா?

ஸ்டீவன்சன் எழுதத் தொடங்கினார். காலையில் ஓர் அத்தியாயம் எழுதுவார். மதியச் சாப்பாடு முடிந்ததும் குடும்பத்துக்குப் படித்துக் காட்டுவார். கொள்ளைக்காரர்கள் புதைத்து வைத்த பணத்தைத் தேடி, ஜிம் என்ற சிறுவன் கப்பலில் போகும் கதை.

பையன் மட்டுமா? ஸ்டீவன்சனின் தந்தையும் ஆவலாகக் கேட்டார். அவர் கலங்கரை விளக்கம் கட்டும் எஞ்சினீயர். (மகனும் எஞ்சினீயர் ஆகவேண்டும் என்று ஆசைப்பட்டவர்!) செத்துப்போன கொள்ளைக்காரனின் பெட்டியில் என்னென்ன இருந்தன என்று, ஒரு உறையின் பின்புறத்தில் அவரே பட்டியல் எழுதிக் கொடுத்தார். அது கதையில் சேர்ந்தது.

பேனா நின்றது

15 நாள். 15 அத்தியாயம். 16-வது அத்தியாயம் தொடங்கியதும் பேனா நின்றுவிட்டது!

ஸ்டீவன்சனுக்கு வயது 31 ஆகப்போகிறது. உடம்பில் நோய். குடும்பத்துக்குப் போதுமான வருமானம் இல்லை. கதையின் முதல் பகுதியோ ஒரு சிறுவர் பத்திரிகையில் அச்சாகத் தொடங்கிவிட்டது! மீதி எங்கே?

குளிர்காலத்தில், சிகிச்சைக்காக ஸ்விட்சர்லாந்தில் உள்ள டாவோஸ் ஊருக்குப் போனார். அங்கே ஒருநாள் காலையில் எழுத உட்கார்ந்தார். பேனா ஓடிற்று! மறுபடியும் தினம் ஓர் அத்தியாயம். மொத்தம் 34.

1883-ல் "புதையல் தீவு" புத்தகமாக வந்தது. அவருக்குக் கிடைத்தது 100 பவுன்.

பேனா நின்ற இடத்தைப் புத்தகத்தில் இன்றும் பார்க்கலாம். அதுவரை கதை சொல்லி வந்தவன் ஜிம். 16-வது அத்தியாயத்தில் டாக்டர் கதை சொல்ல வந்துவிடுகிறார்!

34 நாள் பந்தயம்

வருஷத்துக்கு இத்தனை புத்தகம் படிப்பேன் என்று பந்தயம் போட்டுக்கொள்ளும் பழக்கம் இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அதற்கு ஏற்ற கதை இது. எழுதிய மாதிரியே படிக்கலாம். தினம் ஓர் அத்தியாயம். ஒருவர் படிக்க, வீட்டில் மற்றவர்கள் கேட்கலாம்.

11-வது அத்தியாயத்தன்று மட்டும் புத்தகத்தை மூடுவது கஷ்டம்.

ஆப்பிள் பழம் எடுக்கப் பீப்பாய்க்குள் இறங்கிய ஜிம், அங்கேயே உட்கார்ந்திருக்கிறான். வெளியே, பீப்பாய் மேல் சாய்ந்தபடி ஒருவன் பேசுகிறான். கப்பல் சமையல்காரன், ஒற்றைக்கால் சில்வர்! ஜிம்மிடம் அன்பைக் கொட்டியவன். இப்போது அவன் வாயிலிருந்து வருவது கொலைத் திட்டம்!

பேசிப் பேசி அவனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஓர் ஆப்பிள் எடுத்துத் தரச் சொல்கிறான்.

பக்கத்தில் இருந்தவன் எழுந்திருக்கிறான்...