கிட் வேறு, கிட்ஹப் வேறு

டீ நல்ல சூடு, கொஞ்சம் ஆறட்டும் தம்பி. அதற்குள் ஒன்றைப் பிரித்துப் பார்த்துக்கொள்வோம். கிட் என்பது கோடின் மாற்றங்களைப் பதிந்துவைக்க 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதிய கருவி. கிட்ஹப்பும் கிட்லேபும் பிற்பாடு அதன்மேல் எழுந்த தளங்கள். நீங்கள் குளோன் செய்த ரெப்போவில் முதல் கமிட்டிலிருந்து எல்லாமே உங்கள் லேப்டாப்பிலேயே இருக்கிறது.

பிறகு தளம் எதற்கு? கோடை மற்றவர்கள் பிரவுசரில் பார்த்தால் போதுமென்றால் சிகிட் போதும். சி மொழியில் எழுதிய சின்ன நிரல், வேகமானது. கெர்னல்.ஆர்க்கில் லினக்ஸ் கோடைத் திறந்தால் நீங்கள் பார்ப்பது அதைத்தான். இஷ்யூவோ மெர்ஜ் பட்டனோ அதில் கிடையாது. கெர்னல்காரர்கள் பேட்சை மின்னஞ்சலில் அனுப்பிக்கொள்கிறார்கள்.

கூடிப் பேசித் திருத்த இடம் வேண்டுமானால் கிட்ஹப் இருக்கிறது, ஆள்கூட்டம் அங்கேதான். ஆனால் 2018இல் மைக்ரோசாஃப்ட் 750 கோடி டாலருக்கு வாங்கிய அந்தத் தளத்தின் மென்பொருள் திறந்த மூலமல்ல. கிட்லேபின் சமூகப் பதிப்பை நம் சர்வரிலேயே நிறுவலாம். மெமரிதான் நிறையக் கேட்கும். கல்லூரி லேபில் ஒரு பழைய கம்ப்யூட்டர் மட்டுமே இருக்கிறதென்றால் நான் ஃபோர்ஜேயோவைத்தான் சொல்வேன். 2022இல் கிட்டீ என்ற மென்பொருளிலிருந்து பிரிந்தது, ராஸ்பெர்ரி பையில்கூட ஓடும்.

தளத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளவும் முடியும். கேரளத்தின் ஸ்வதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் குழு முதலில் குனூவின் சவான்னா தளத்தில் இருந்தது. இன்று அவர்களுடைய மஞ்சரி எழுத்துருவின் மூல நிரல் கிட்லேபில் கிடைக்கிறது. தளம் மாறியும் வேலை நிற்கவில்லை.

ஆனால் ஒரு கூட்டெழுத்தை ஏன் இப்படி வரைந்தார்கள் என்று இஷ்யூவில் நடந்த விவாதம் கிட்டுக்குள் வராது. அது தளத்தின் டேட்டாபேஸில் கிடக்கும். தளமே மூடப்படவும் கூடும்: கிட்டோரியஸ் 2015இலும் கூகுள் கோட் 2016 ஜனவரியிலும் மூடப்பட்டன. அதனால் எந்தத் தளத்தை எடுத்தாலும் இஷ்யூக்களை வெளியே எடுக்க வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முக்கியமான முடிவுகளை, காரணத்தோடு, கமிட் செய்தியில் எழுதுங்கள். 'கிட் ரிமோட் ஆட்' என்று ஒரு வரி கொடுத்தால் இரண்டாவது தளத்துக்கும் அதே ரெப்போவைப் புஷ் செய்யலாம். இன்று சாயங்காலமே செய்து பாருங்கள்.