ஒரு விரற்கடை!

உங்கள் வீட்டு அலமாரியில் 'அளவு ரவிக்கை' என்று ஒன்று இருக்கிறதல்லவா? சாயம் வெளுத்திருக்கும், ஒரு கொக்கி அறுந்திருக்கும். ஆனாலும் தூக்கிப் போட மனம் வராது. புதுத் துணியோடு அதையும் சுருட்டித் தையற்காரரிடம் கொடுத்து, "இதே அளவு; கையை மட்டும் கொஞ்சம் இறக்கிவிடுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தால் காரியம் முடிந்தது. அந்தப் பழைய ரவிக்கைக்குள் எவ்வளவு பெரிய விஷயம் அடங்கியிருக்கிறது என்பது எனக்குச் சமீபத்தில் பர்கூர் போயிருந்தபோதுதான் விளங்கிற்று.

பர்கூர் என்றதும் மலைமாட்டுக்குப் பேர்போன ஈரோடு மாவட்டத்துப் பர்கூர் என்று எண்ணிவிடாதீர்கள். நான் சொல்வது கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பர்கூர். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் நெடுஞ்சாலையில், வாணியம்பாடியைத் தாண்டி, கிருஷ்ணகிரிக்கு முன்னால் வரும் ஊர். துணிக் கடைகளுக்குப் பெயர் பெற்றது. 1994-ல் தொடங்கிய அரசு பொறியியல் கல்லூரி ஒன்றும் அங்கே உண்டு. துணியும் பொறியியலும் ஒரே ஊரில்! அவை இரண்டும் என் ஒன்றுவிட்ட அக்காள் வீட்டுக் கூடத்தில் ஒரு நாள் மோதிக்கொண்டன.

அக்காளின் மகள் பொறியியல் படிக்கிறவள். பெரியம்மா பெண்ணின் கல்யாணத்துக்கு அவளுக்கொரு பட்டுப் புடைவை வாங்கியிருந்தார்கள். ரவிக்கையைத் தானே தைத்துக்கொள்ளப் போவதாகச் சபதம் செய்துவிட்டாள். கம்ப்யூட்டரில் முன்பாகம், பின்பாகம், கை என்று தனித் தனியாகக் கோடு கோடாக வரைந்து, வீட்டு அச்சுப்பொறியில் பன்னிரண்டு தாள்களாக எடுத்து, பசைநாடாவால் ஒட்டித் தரையில் விரித்திருந்தாள். பக்கத்தில் பட்டுத் துண்டு. அதன் மேல் கத்தரிக்கோல்.

புடைவையோடு நெய்து வரும் ரவிக்கைத் துண்டைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அதே கரை, அதே நிறம், மறுபடி எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒரு தடவை தப்பாக வெட்டினால் வெட்டியதுதான்.

"கண்ணு, கத்தரிக்கோலைக் கீழே வை" என்றாள் பாட்டி. எழுந்து போய் அளவு ரவிக்கையைக் கொண்டுவந்து, நான்காக மடித்து, காகிதத்தின் மேல் வைத்தாள். காகிதம் ஒரு விரற்கடை குறைந்தது!

"நான் சரியாகத்தான் வரைந்தேன், பாட்டி!" என்று பெண் கண் கலங்கினாள். அவள் சொன்னது உண்மைதான். கம்ப்யூட்டரில் அளந்தால் கால் பாகம் ஒன்பதரை அங்குலம். காகிதத்தில் அளந்தால் ஒன்பதுக்கும் சற்றுக் குறைவு. நான்கு பாகத்துக்கும் கணக்குப் பார்த்தால், 38 அங்குலம் வர வேண்டிய ரவிக்கை 36-க்குள் ஒடுங்கிவிட்டது. பெண்ணின் மார்பளவே 36! கொக்கி போட்டால் மூச்சு விட முடியுமா?

திருடன் யார்?

அந்த ஒரு விரற்கடையைத் திருடியவன் அச்சுப்பொறிக்குள் உட்கார்ந்திருந்தான். நாம் வழக்கமாக வாங்கும் ஏ4 தாளின் நீளம் 297 மில்லிமீட்டர். அமெரிக்கர்கள் உபயோகிக்கும் 'லெட்டர்' தாளோ 279 மில்லிமீட்டர்தான். அந்த வீட்டு அச்சுப்பொறி அமெரிக்கத் தாளுக்கென்று அமைந்திருந்தது. போதாததற்கு, 'தாளுக்குள் அடக்கு' என்று பொருள்படும் 'ஃபிட்' என்ற கட்டளையும் போட்டிருந்தது. பெரிய படத்தைச் சின்னத் தாளில் அடக்கச் சொன்னால் என்ன செய்யும்? நூற்றுக்குத் தொண்ணூற்று நான்காகச் சுருக்கிவிட்டது. அதுவும் ஒரு வார்த்தை சொல்லாமல்! கடிதம் அச்சடித்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ரவிக்கைக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லை இல்லை. 1842-ல் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கில விஞ்ஞானி இரும்பு உப்புகளைத் தடவிய காகிதத்தில் நீல நிறப் பிரதி எடுக்கும் வழியைக் கண்டுபிடித்தார். வரைபடத்தை அந்தக் காகிதத்தின் மேல் படிய வைத்து வெயிலில் காட்டுவார்கள். பிறகு தண்ணீரில் அலசுவார்கள். 'புளூ பிரிண்ட்' என்ற பெயர் வந்தது அதனால்தான். அதன் பின் வந்த அம்மோனியா பிரதியும் அப்படியே ஒட்டி வைத்து எடுப்பதுதான். அலசும்போது தாள் சற்றுச் சுருங்கினாலும் சுருங்குமே ஒழிய, படத்தைச் சிறிதாக்கும் சாமர்த்தியம் அந்தப் பெட்டிக்குக் கிடையாது.

தையலுக்கும் இப்படி ஒரு சரித்திரம் உண்டு. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாகாணத்திலிருந்த எபனேசர் பட்டரிக் என்ற தையற்காரர், 1863-ல் பல அளவுகளில் காகித வெட்டுகளை விற்கத் தொடங்கினார். அதற்கு முன் பத்திரிகையில் வரும் சின்னப் படத்தைப் பார்த்து வீட்டுப் பெண்களே பெரிதாக்கி வரைந்துகொள்ள வேண்டும். முழு அளவுக் காகிதம் கிடைத்ததும் எத்தனை பேருக்கு நிம்மதியாக இருந்திருக்கும்! இன்று பெங்களூரிலும் திருப்பூரிலும் உள்ள ஆடைத் தொழிற்சாலைகளில் அதே காரியத்தை அகலமான அச்சு இயந்திரங்கள் செய்கின்றன. ஒரு சட்டையின் எல்லாப் பாகங்களையும் துணி வீணாகாதபடி நெருக்கி அடுக்கி, மேசை நீளத்துக்கு முழு அளவில் அச்சடித்து, துணி அடுக்கின் மேல் விரித்து வெட்டுகிறார்கள். அங்கே ஒரு விரற்கடை குறைந்தால் நஷ்டம் ஒரு ரவிக்கையோடு நிற்காது.

நீங்கள் அச்செடுக்கும்போது

முதலில், படத்தின் ஓரத்தில் பத்து சென்டிமீட்டருக்குப் பத்து சென்டிமீட்டர் சதுரம் ஒன்று வரைந்துகொள்ளுங்கள். விலைக்கு வாங்கும் தையல் படங்களில் பெரும்பாலும் இப்படி ஒரு சோதனைக் கட்டம் இருக்கும். முதல் தாள் வெளியே வந்ததும் அந்தச் சதுரத்தை அளவுகோலால் அளந்து பாருங்கள். நைந்துபோன துணி டேப் வேண்டாம். அது நீண்டு கொடுத்துப் பொய் சொல்லும். அகலம், உயரம் இரண்டையும் அளக்க வேண்டும். இரண்டும் பத்து இருந்தால்தான் மீதித் தாள்களை எடுக்கலாம்.

அச்சுக் கட்டளையில் 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 'நூறு சதவீதம்' என்று இருக்க வேண்டும். 'ஃபிட்' என்று கண்டால் உடனே மாற்றிவிடுங்கள்.

தாள்களை ஒட்டுவது சிரமமாக இருந்தால், வீட்டுப் பிளான் அச்சடிக்கும் கடைகளில் ஏ0 தாளில் எடுக்கலாம். அது ஒரு சதுர மீட்டர் பரப்புள்ள தாள். பதினாறு ஏ4 தாளுக்குச் சமம். கடைக்காரருக்குப் படத்தைக் கைப்பேசியில் அனுப்பும்போது புகைப்படமாக அனுப்பாதீர்கள். அதில் அளவு என்ற சமாசாரமே தொலைந்துபோகும். பி.டி.எஃப். கோப்பாகவே அனுப்பி, "நூறு சதவீதம், சுருக்க வேண்டாம்" என்று வாய் திறந்து சொல்லுங்கள். கேட்க வெட்கப்பட்டால் நஷ்டம் நமக்குத்தான்.

"வீட்டுப் பிளானும் அப்படித்தானே சுருங்கும்?" என்று நீங்கள் கேட்கலாம். சுருங்கும். ஏ1 தாளில் வரைந்த பிளானை ஏ3 தாளில் எடுத்தால் ஒவ்வொரு கோடும் சரிபாதி ஆகிவிடும். ஆனால் பிளானில் ஒவ்வொரு சுவருக்கும் பக்கத்தில் அளவு எழுதியிருக்கும். "எழுதிய எண்ணைப் பார், கோட்டை அளக்காதே" என்பது கட்டட வேலையில் பழைய பாடம். சமையலறை பத்தடி என்று எழுதியிருந்தால் தாள் எத்தனை சுருங்கினாலும் பத்தடிதான். ரவிக்கைப் படத்தில் அந்தச் சௌகரியம் இல்லை. கத்தரிக்கோல் எண்ணைப் படிக்காது. கோட்டின் மேலேயே போகும். அங்கே கோடுதான் அளவு. அதனால்தான் கோடு பொய் சொல்லக் கூடாது.

பர்கூர்ப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு தாளின் அமைப்பை மாற்றினாள். சதுரம் பத்துக்குப் பத்து வந்தது. மறுபடி பன்னிரண்டு தாள். பாட்டி அளவு ரவிக்கையை மேலே வைத்துப் பார்த்தாள். இம்முறை ஓரத்தோடு ஓரம் பொருந்திற்று. அப்போதும் விட்டாளா? "முதலில் என் பழைய வாயில் புடைவையில் வெட்டிப் பார். அப்புறம் பட்டைத் தொடலாம்" என்றாள்.

கல்யாணத்தன்று அந்த ரவிக்கையைப் பார்த்தவர்கள் எல்லாரும், "எந்தத் தையற்காரர்?" என்று விசாரித்தார்கள். பெண் தன்னைக் காட்டவில்லை, பாட்டியைக் காட்டினாள்.

அளவு ரவிக்கையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்!