வாரக்கூலிக்கு ரசீது, கோடிகளுக்குத் திரை

தேர்தல் தேதி அறிவித்துவிட்டால் திருப்பூரில் சம்பள நாள் சிக்கலாகிவிடும். செக்கிங், மடிப்பு, காஜா பட்டன் என்று ஜாப் ஒர்க் எடுத்துச் செய்பவர், தன்னிடம் வேலை பார்ப்பவர்களுக்கு வாரக்கூலி கொடுக்க வங்கியில் பணம் எடுத்து வருகிறார். கையில் 50,000 ரூபாய்க்கு மேல் இருந்தால் பறக்கும் படையிடம் ஆவணம் காட்ட வேண்டும். வங்கிச் சீட்டு, கம்பெனி பில், சம்பளப் பதிவேடு எல்லாம் இருந்தால் பிழைத்தார். ஒன்று குறைந்தாலும் அந்த வாரம் தொழிலாளர்களுக்குக் கூலி தள்ளிப்போகும்.

இதே மாவட்டத்தில்தான் 2016 மே மாதம், சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு, மூன்று கண்டெய்னர் லாரிகளில் 570 கோடி ரூபாய் பிடிபட்டது. கோவையிலிருந்து விசாகப்பட்டினம் போகும் தங்கள் பணம் என்றது பாரத ஸ்டேட் வங்கி. பணம் வங்கிக்கே திரும்பியது. திமுக நீதிமன்றம் போனது. சிபிஐ முதற்கட்ட விசாரணைக்குச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. வங்கி சொன்ன பிறகும் ஊர்ப் பேச்சு ஓயவில்லை. ஓயாதுதான். கட்சிகளுக்கு யார் கொடுக்கிறார்கள் என்பதே மறைவாக இருக்கும் நாட்டில் எந்த லாரியைப் பார்த்தாலும் சந்தேகம் வரும்.

அந்த மறைவுக்கு 2018-இல் சட்டத்தின் காவலும் கிடைத்தது. வங்கியில் தேர்தல் பத்திரம் வாங்கிக் கட்சிக்கு நன்கொடை கொடுத்தவர் பெயரை மக்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை என்றானது. நிறுவனங்கள் லாபத்தில் இத்தனை சதவீதம்தான் தரலாம் என்ற வரம்பும் 2017-லேயே எடுக்கப்பட்டிருந்தது. 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் இரண்டையும் ரத்து செய்தது. அடுத்த மாதம் பத்திரம் வாங்கியவர்கள் பட்டியல் வெளியானபோது முதலிடத்தில் இருந்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்: கோவையின் லாட்டரி அதிபர் சாண்டியாகோ மார்ட்டின். அவருடைய ஃப்யூச்சர் கேமிங் நிறுவனம் வாங்கியது 1,368 கோடிக்கு. அமலாக்கத் துறையின் விசாரணையில் இருந்த நிறுவனம் அது. அந்தத் தொகையில் 509 கோடி திமுகவுக்குப் போயிருந்தது; திரிணமூல் காங்கிரசுக்கு அதைவிட அதிகம். பத்திரங்கள் மூலம் மொத்தத்தில் மிக அதிகம் பெற்றது பாஜக. லாட்டரிக்கு 2003 முதல் தடை இருக்கும் மாநிலத்தின் வாக்காளர், இந்தக் கொடுக்கல் வாங்கலை அறியாமலேயே 2021-இல் வாக்களித்தார். ஊழலுக்கு விதை போடும் இடம் இதுதான். கொடுத்தவர் யார் என்று தெரியாதபோது, பின்னால் வரும் டெண்டரிலோ உரிமத்திலோ யாருக்குச் சலுகை போனது என்று கேட்க வழியே இல்லை.

பத்திரம் போனாலும் ஓட்டை அடைபடவில்லை. 20,000 ரூபாய் வரை கொடுத்தவர் பெயரைக் கட்சி தேர்தல் ஆணையத்துக்குத் தரவேண்டியதில்லை. சட்டமன்ற வேட்பாளருக்குச் செலவு வரம்பு 40 லட்சம். அவருடைய கட்சிக்கு வரம்பே கிடையாது. நன்கொடைக் கணக்கு நிதியாண்டு முடிந்த பிறகுதான் வருகிறது. அதற்குள் ஆட்சியே அமைந்திருக்கும்.

ஆர்கானிக் சான்றிதழுக்காக ஒரு பனியனின் பஞ்சு எந்த ஜின்னிங் ஆலையிலிருந்து வந்தது என்பதுவரை காகிதம் காட்டும் ஊர் இது. அந்த ஊருக்கு ஓட்டுக் கேட்டு வரும் கட்சி, வாக்குப்பதிவுக்கு முன்பே தன் நன்கொடையாளர் பட்டியலை வெளியிட வேண்டும் என்று கேட்க நமக்கு முழு உரிமை உண்டு.