கோபித்துக்கொண்ட தேவியர்

காஞ்சிபுரத்தின் தலபுராணமே ஒரு தம்பதியர் சண்டையில்தான் தொடங்குகிறது. பிரம்மனோடு பிணங்கிப் பிரிந்தாள் சரஸ்வதி. அவள் இல்லாமலே அவர் காஞ்சியில் வேள்வி தொடங்க, வேகவதி ஆறாகப் பெருக்கெடுத்து அதை அழிக்க வந்தாள். திருமால் குறுக்கே படுத்து வெள்ளத்தைத் தடுத்தார். அவரே திருவெஃகாவில் பள்ளிகொண்ட யதோக்தகாரி. பின்னொரு காலத்தில் திருமழிசையாழ்வார் சொன்னதும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட்டு, ஓரிக்கையில் ஓர் இரவு தங்கியவரும் இவரே என்பது மரபு.

வேள்வித் தீயில் தோன்றியவர் வரதராஜர். அவருடைய புண்ணியகோடி விமானத்துக்கு 1514இல் பொன் வேய்ந்தவர் விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர். ஆண்டாள், அரங்கன் திருமணத்தை 'ஆமுக்தமால்யதா' என்ற தெலுங்குக் காவியமாகப் பாடியவரும் அவர்தான். தமிழ் மண்ணின் மணமகளைத் தெலுங்குக்குக் கொண்டுபோன பெரும் படைப்பு அது.

அவருடைய அவைப்புலவர் நந்தி திம்மனா எடுத்துக்கொண்டது ஊடலை. நாரதர் கொண்டுவந்த பாரிஜாத மலரைக் கிருஷ்ணன் ருக்மிணிக்குக் கொடுத்துவிடுகிறான். செய்தி கேட்ட சத்யபாமா கோபத்தோடு தனியறை புகுகிறாள். சமாதானம் செய்ய வந்து காலில் விழுந்தவனின் தலையில் அவள் கால் படுகிறது. அவனோ அவள் பாதம் நொந்திருக்குமோ என்று வருந்துகிறான். 'பாரிஜாதாபஹரணமு' என்ற அக்காவியத்தின் உயிர் இந்த இடம்தான். மனைவியிடம் கோபமாயிருந்த ராயரின் மனத்தை மாற்றவே திம்மனா இதைப் பாடினார் என்று ஒரு செவிவழிக் கதையும் உண்டு.

குச்சிப்புடியில் சித்தேந்திர யோகியின் 'பாமாகலாபம்' இதே சத்யபாமாவை ஆடரங்குக்குக் கொண்டுவந்தது. நீண்ட சடையை முன்னே இழுத்துப் போட்டு, தன் பெருமையைத் தானே சொல்லியபடி அவள் நுழைவாள். வேதாந்தம் சத்யநாராயண சர்மா போன்ற ஆண் கலைஞர்களே அந்த வேடம் கட்டிப் புகழ்பெற்றார்கள். திரையில் அவள் ஜமுனாவாக வந்தாள். 1966இல் வெளியான 'ஸ்ரீ கிருஷ்ண துலாபாரம்' படத்தில் என்.டி. ராமாராவ் கிருஷ்ணன், அஞ்சலிதேவி ருக்மிணி. அதற்கு ஆறாண்டு முன்பு பி. புல்லையா இயக்கிய 'ஸ்ரீ வெங்கடேஸ்வர மஹாத்யம்' வேறொரு கோபத்தைச் சொன்னது. பிருகு முனிவர் திருமாலின் மார்பில் உதைக்க, அங்கே உறையும் லட்சுமி அவமானம் தாளாமல் பிரிகிறாள். அவளைத் தேடி மண்ணுக்கு வந்தவர் பத்மாவதியை மணக்கிறார். பத்மாவதியாக சாவித்திரியும் லட்சுமியாக எஸ். வரலட்சுமியும் நடித்தனர்.

கோயில்களில் இந்தச் சண்டை இன்றும் ஆண்டுதோறும் நடக்கிறது. ஸ்ரீரங்கத்தில் பங்குனித் திருவிழாவின்போது நம்பெருமாள் உறையூர் சென்று கமலவல்லி நாச்சியாரோடு சேர்ந்திருந்து திரும்புகிறார். ரங்கநாயகித் தாயார் கதவை அடைத்துவிடுகிறாள். பூவும் பழமும் வாழைமட்டையும் அவர்மேல் வந்து விழும். நம்மாழ்வார் நடுவில் நின்று சமாதானம் பேசிய பிறகே உத்திரத்தன்று சேர்த்தி. திருவண்ணாமலையில் மாட்டுப் பொங்கலன்று உண்ணாமுலையம்மன் ஊடுகிறாள். அது திருவூடல் திருவிழா.

திருமலையில் வைகுண்ட ஏகாதசி கழிந்த ஆறாம் நாள் பிரணய கலஹ உற்சவம். தேவியர் சார்பில் அர்ச்சகர்கள் பூப்பந்துகளை வீச, சுவாமி பின்வாங்குவார். அப்போது அங்கே ஓதப்படுபவை நம்மாழ்வாரின் தமிழ்ப் பாசுரங்கள்.