வெறுமையாய்க் கிடந்த வாங்கு

சில ஆண்டுகளுக்கு முன் எமது வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். படிப்பிற் கெட்டிக்காரன், அவன் செய்யுள் வாசித்தால் வகுப்பு முழுதும் அமைதியுறும். ஆயின் அவனது நடையும் குரலும் மென்மையானவை. அதனாற் சக மாணவர் அவனுக்கு ஒரு பட்டப்பெயர் சூட்டினர். ஒருநாள் அவன் எழுந்து விடை கூறுகையில் அப்பெயர் பின்வாங்கிலிருந்து ஒலித்தது. வகுப்புச் சிரித்தது. கண்டிக்க வேண்டிய யாமும் புன்னகைத்தோம். அடுத்த தவணையில் அவனது வாங்கு வெறுமையாய்க் கிடந்தது. உயர்தரப் பரீட்சைக்கு அவன் தோற்றவேயில்லை.

அந்தப் புன்னகையை நினைந்தே இதனை எழுதத் துணிந்தோம்.

மனிதருட் சிலர் தம் பாலினரிடத்தே காதல் கொள்ளும் இயல்பினர். சிலர் உடலால் ஒரு பாலராயும் உள்ளத்தால் வேறு பாலராயும் தம்மை உணர்வர். இன்னுஞ் சிலர் உடலமைப்பிலேயே ஆண், பெண் எனும் பகுப்பில் முற்றும் அடங்காது பிறப்பர். இவை தீய சேர்க்கையின் விளைவுமல்ல; பெற்றோர் வளர்ப்பின் குறையுமல்ல. தன்பாலீர்ப்பை உலக சுகாதார நிறுவனம் 1990ஆம் ஆண்டிலேயே நோய்ப்பட்டியலினின்றும் நீக்கிவிட்டது. நோயல்லாததற்கு மருந்து தேடுவானேன்?

இஃது எமது மரபுக்குப் புறம்பு என்பாருமுளர். நாம் மாணாக்கர்க்குக் கற்பிக்கும் தொல்காப்பியத்தையே நோக்குவோம். ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயர்க்கும் ஆசிரியர் சொல்லதிகாரத் தொடக்கத்திலேயே விதி வகுத்துள்ளார். அவர்களை அஃறிணையிற் தள்ளாது உயர்திணையிலேயே வைத்தார். இந்நாட்டிலே தன்பாலுறவைக் குற்றமாக்கிய விதியோ, ஆங்கிலேயர் ஆட்சியில் 1883ஆம் ஆண்டில் எழுந்த தண்டனைச் சட்டக்கோவையோடு வந்தது. 1995ஆம் ஆண்டுத் திருத்தம் அதனைப் பெண்களுக்கும் விரித்தது. அவ்விதியை நீக்கக் கருதிய சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரணன்று என 2023ஆம் ஆண்டில் எமது உயர் நீதிமன்றம் தீர்மானித்தது.

நிற்க. தமிழகத்தில் நிகழ்ந்த ஒன்றை இங்கே கூறல் தகும். ஒருவரையொருவர் நேசித்த இளம் பெண்கள் இருவர், பெற்றோரின் எதிர்ப்புக்கு அஞ்சிச் சென்னை உயர் நீதிமன்றத்திற் பாதுகாப்புக் கோரினர். வழக்கைக் கேட்ட நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளிற் தமக்குப் போதிய அறிவில்லை என வெளிப்படையாய் ஒப்புக்கொண்டு, உளவியலாளர் ஒருவரிடம் தாமே பாடங் கேட்டார். பின்னர் 2021ஆம் ஆண்டு யூன் மாதத்தில் அளித்த கட்டளையில், இவ்வியல்பை மாற்றுவதாகக் கூறும் சிகிச்சைகளைத் தடை செய்தார். பெற்றோர் ஆசிரியர் சங்கங்களின் வாயிலாகப் பெற்றோர்க்கு அறிவூட்டவும் பணித்தார். நீதிபதி மாணாக்கராய் அமரலாமெனின், ஆசிரியராகிய எமக்கு அதில் என்ன இழுக்கு?

பெற்றோரீர்! உங்கள் பிள்ளை நடுங்கும் குரலில் இத்தகைய இயல்பொன்றைச் சொல்லுமாயின், அதற்கு முன் எத்தனை இரவுகள் உறங்காதிருந்திருக்கும் என எண்ணுங்கள். "நீ எங்கள் பிள்ளை" என்பதே உங்கள் முதற் சொல்லாகுக. மாந்திரீகரிடம் இழுத்துச் செல்லாதீர்கள். கலியாணம் முடித்துவைத்தாற் சரியாகிவிடும் எனக் கருதி, ஏதுமறியாத இன்னொருவர் வாழ்வையும் கெடுக்காதீர்கள். பிள்ளை நம்பிச் சொன்னதை அதன் சம்மதமின்றிச் சுற்றத்தார்க்கு உரையாதீர்கள்.

மாணவர்காள்! பட்டப்பெயர் சொல்லுவோர்க்கு விளையாட்டு; கேட்போர்க்கு அது நாள்தோறும் தைக்கும் முள். நீங்கள் சிரியாதிருந்தாலே அப்பெயர் பாதி வலுவிழக்கும். தனித்திருப்பவனருகே சென்று அமர்ந்தால் மீதியும் போகும்.

அந்த மாணவன் இன்று எங்குளனோ அறியோம். இவ்வேடு அவன் கைக்கு எட்டுமாயின், அன்று நீ எழுந்து கூறிய விடை சரியானது, தம்பி. பிழை செய்தவர் யாமே.