மாந்தளிர் மேனியும் அதன் பாதுகாப்பும்

திருமணம் உறுதியான வீட்டார் கூறைப்பட்டு வாங்குதற்பொருட்டுக் காஞ்சிமாநகர் செல்லுதல் தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். அங்கே அடுக்கடுக்காக விரித்துக் காட்டப்படும் புடைவைகளுள் 'மாந்துளிர்' என்னும் நிறமொன்று உண்டு. மாமரத்தின் இளந்தளிர் செம்மையும் பழுப்பும் பசுமையும் கலந்து வெயிலில் மினுமினுக்கும் அழகை, பாவில் ஒரு வண்ணமும் ஊடையில் வேறொரு வண்ணமும் வைத்து நெய்து காட்டுவர். ஏகாம்பரம் என்பதே 'ஒற்றை மா' எனப் பொருள்படும் வடசொல்லின் வழிவந்த பெயராதலின், அந்நகரில் இந்நிறம் போற்றப்படுதல் பொருத்தமே. ஆயின், அப்புடைவையைத் தோளிலிட்டுப் பார்க்கும் மணமகளின் மேனியும் பெரும்பாலும் அதே மாந்தளிர் நிறத்தது என்பதை உடன்வந்தோர் எண்ணுவதில்லை. பட்டின் நிறத்தை வியந்த வாய் மூடுமுன்னரே, பெண்ணின் நிறத்தை வெளுக்கச் செய்ய வழியென்னவென்று வினவுகின்றனர்.

இவ்வினா பழந்தமிழர்க்கு விந்தையாகத் தோன்றியிருக்கும். சங்கச் செய்யுட்களில் மகளிர் மேனியழகைக் குறிக்கும் சொற்களுள் தலையாயது 'மாமை' என்பது. அதனை மாந்தளிர் போலும் நிறமென உரைகாரர் விளக்குவர். தலைவன் பிரிவால் அந்நிறம் கெட்டு மேனி வெளிறுதலைப் 'பசலை' என்றனர். திருவள்ளுவர் அத்துன்பத்துக்கென்றே 119ஆம் அதிகாரத்தை வகுத்தனர். வெளிறுதல் அவர்க்கு நோய். நம்மவருள் பலர்க்கோ அதுவே நோன்பு நோற்றுப் பெறும் பேறாயிற்று.

மாநிறம் என்பது யாதென முதற்கண் அறிதல் நலம். தோலின் மேற்புரையின் அடியில் நிறப்பொருளை ஆக்கும் உயிரணுக்கள் உள. அவற்றின் தொகை வெள்ளையர்க்கும் கறுப்பர்க்கும் ஏறக்குறைய ஒன்றே. அவை ஆக்கும் 'மெலனின்' என்பதன் வகையும் அளவும், அதனைத் தாங்கும் நுண்மணிகளின் பருமனும் பரவலுமே நிறவேற்றுமைக்குக் காரணம். இந்நுண்மணிகள் உயிரணுவின் கருவின்மீது குடைபோற் கவிந்து ஞாயிற்றின் புறவூதாக் கதிர்களைத் தடுக்கின்றன. 1979இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் அளந்து பார்த்தபோது, கருந்தோலின் மேற்புரை ஏறத்தாழ 13 மடங்கும், வெண்டோலின் மேற்புரை 3 மடங்குக்குச் சற்று மிகுதியாகவும் காப்பளிக்கக் கண்டனர். மாநிறம் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது. ஆகவே அது குறையன்று. வெயில் மிகுந்த நாட்டில் வாழ்வார்க்கு வாய்த்த கவசம்.

அக்கவசத்திற்கும் ஒரு மென்மையிடம் உண்டு. பரு, கொசுக்கடி, கீறல், சொறி என எதனாலாவது தோல் அழன்று சினந்தால், நிறவணுக்கள் மிகையாக மெலனினைப் பெய்துவிடும். புண் ஆறிய பின்னும் கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். வெள்ளையர்க்கு விரைவில் மறையும் வடு நமக்கு ஓராண்டும் மறையாதிருத்தல் இதனாலேயே. கறுப்பைப் போக்குவதற்கென்று கல்லாலும் நாராலும் முகத்தைத் தேய்ப்பவர் கறுப்பையே விளைவித்துக்கொள்கின்றனர்.

இனித் தூய்மை செய்யும் முறையைக் காஞ்சிப் பட்டைக்கொண்டே விளக்குவாம். கர்நாடகத்திலிருந்து வரும் கச்சாப் பட்டுநூலின்மேல் 'செரிசின்' என்னும் பசை படிந்திருக்கும்; எடையில் அது ஏறக்குறைய நாலிலொரு பங்கு. சாயமேற்றுமுன் சவர்க்காரமும் சோடாவும் இட்ட கொதிநீரில் அதனைக் காய்ச்சிப் போக்குவர். காரம் மிகுந்தாலும், காய்ச்சும் நேரம் நீண்டாலும் பசையோடு நூலும் நலிந்து மெருகிழக்கும். பட்டிழையும் நம் தோலின் மேற்படலமும் புரதத்தால் ஆனவை. கடுங்காரத்தின்முன் இரண்டும் மெலிவனவே. தோலின் மேற்பரப்பு இயல்பாகச் சிறிது புளிப்புத்தன்மை உடையது. அமிலகாரச் சுட்டெண் 5ஐ ஒட்டி நிற்கும். சாதாரணச் சவர்க்காரத்தினதோ 9 முதல் 10 வரை. நாடோறும் இருமுறை முகத்துக்கு அதனை இடுவோர் தோலின் எண்ணெய்ப்பசையை இழக்கின்றனர். வறண்ட தோல் சாம்பல் பூத்தாற்போற் காட்சியளிக்கும். மாநிறத்தில் அச்சாம்பற்பூச்சு மிகத் தெளிவாகத் தெரியும்.

பட்டுப்புடைவையை வீட்டில் அலச நேர்ந்தால் நம் பாட்டிமார் சவர்க்காரத்தைத் தீண்டார். பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, அந்நுரைநீரிலே அலசுவர். அக்கொட்டையிலும் சீயக்காயிலும் உள்ள 'சபோனின்' என்னும் பொருள் காரமின்றியே அழுக்கை நீக்கவல்லது. பட்டுக்குத் தீங்கு செய்யாதது மேனிக்கும் தீங்கு செய்யாது என்பதை அம்முதுபெண்டிர் ரசாயன நூல் கல்லாமலே கண்டனர். எம் ரசாயன வகுப்பில் இவ்வுண்மையை எவரும் எடுத்துக்காட்டாகக் கூறக் கேட்டிலேம்!

எண்ணெய் தேய்த்தலை 'அப்யங்கம்' என்றும், பொடி பூசித் தேய்த்தலை 'உத்வர்த்தனம்' என்றும் ஆயுர்வேதத்தார் கூறுவர். மணவீடுகளில் நலங்கிடுதல் என நாம் வழங்குவது இவ்விரண்டின் கூட்டே. பச்சைப்பயற்றம்மாவு எண்ணெயை உறிஞ்சும். வெட்டிவேரும் பூலாங்கிழங்கும் மணந்தரும். மஞ்சள் அழற்சியைத் தணிக்கும். மஞ்சளின் இக்குணம் ஒருகால் வழக்கிற்கும் இடமாயிற்று. மஞ்சளால் புண்ணாற்றும் முறைக்கு 1995இல் அமெரிக்காவின் மிசிசிப்பிப் பல்கலைக்கழக மருத்துவ நிலையம் காப்புரிமை பெற்றது. இந்திய அறிவியல் தொழிலக ஆராய்ச்சி மன்றம் அதனை எதிர்த்து, வடமொழி ஏடுகளையும் 1953இல் வெளிவந்த மருத்துவக் கட்டுரையொன்றையும் சான்று காட்ட, 1997இல் அவ்வுரிமை நீக்கப்பட்டது. ஆயின் மஞ்சள் தோலை வெண்மையாக்கும் என நம்புதல் வேண்டா. அழற்சி தணிந்தால் புதிய தழும்பு குறையும், அவ்வளவே. அது பொன்னிறமாகக் காட்டுவது வெறுஞ்சாயம். மஞ்சட்சாயம் வெயிலில் நில்லாது என்பதைச் சாயமிடுவோர் நன்கறிவர்.

'மூலிகைதானே, என் செய்யும்?' என்று கேட்பாரும் உளர். கடைகளில் நலங்குமாவுக்கெனக் கட்டித்தரும் சரக்குகளுள் கார்போகரிசியும் ஒன்று. வடநூலார் 'பாகுசி' என்பது இதுவே. வெண்குட்டத்துக்கு மருந்தாக இதனைப் பண்டைக்காலத்தே பயன்படுத்தினர். இதிலுள்ள 'சொராலன்' என்னும் பொருள் வெயிலோடு கூடியவழித் தோலைக் கருக்கும் இயல்பினது. அதனாலேயே வெண்புள்ளியில் நிறம் ஏறுகின்றது. 1940களில் எகிப்திய மருத்துவர் எல் மோஃப்டி, அந்நாட்டுப் பூண்டொன்றிலிருந்து எடுத்த இவ்வினப் பொருளையே வெண்குட்டத்துக்கு ஆண்டனர். வெளுப்பதற்கென்று கார்போகரிசி மாவைப் பூசி, மீதம் ஒட்டியிருக்க வெயிலிற் செல்பவர், கருக்கும் மருந்தையே பூசிக்கொண்டவராவர், கொப்புளங்களும் எழலாம். எலுமிச்சைச் சாற்றுக்கும் இக்குற்றம் உண்டு. அதன் புளிப்பு எரிக்கும். அதன் தோலிலும் சாற்றிலுமுள்ள சொராலன் இனப்பொருள் வெயிலில் திட்டுத்திட்டாகக் கருக்கும். எலுமிச்சையை முகத்திற் பிழிந்துகொள்ளும் வழக்கம் மாணவரிடையே பெரிதும் பரவியுள்ளமையின் இதனை அழுத்திக் கூறுகின்றேம்.

இதனினும் கொடியது இரசம் கலந்த களிம்பு. பாதரசம் மெலனின் உண்டாவதைத் தடுக்கும். தோல்வழியே உட்புகுந்து சிறுநீரகத்தைக் கெடுக்கும். 2023இல் கேரளத்து மலப்புறம் மாவட்டத்தில் சிறுநீரில் புரதம் கழிந்து உடல் வீங்கி வந்த நோயாளர் சிலரை ஆராய்ந்த மருத்துவர், வெண்மை தரும் களிம்புகளே காரணமெனக் கண்டனர். உறையில் செய்தோர் பெயரும் சரக்குகளின் பட்டியலும் இல்லாத களிம்பை, 'ஆயுர்வேதம்' என்று எழுதியிருப்பினும் வாங்குதல் தகாது. 'ஸ்டீராய்டு' சேர்ந்த களிம்புகள் முதலில் வெளுக்கச் செய்து, பின்னர்த் தோலை மெலியச் செய்வன. ஆதலின் 2018இல் இந்திய அரசு அவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென விதித்தது. 1975 முதல் விற்ற ஒரு புகழ்பெற்ற களிம்பு, 2020இல் தன் பெயரிலிருந்து 'ஃபேர்' என்னும் சொல்லைக் களைந்தது. சொல் போயிற்று, ஆசை போகவில்லை.

நெற்றிப்பொட்டைப் பற்றியும் ஒரு சொல். மஞ்சளோடு சுண்ணாம்புபோலும் காரப்பொருள் சேரச் சிவக்கும் குங்குமம் பெரும்பாலோர்க்கு ஊறுசெய்யாது. ஒட்டுப்பொட்டின் பசையிலுள்ள ரசாயனம் சிலர்க்கு நிறவணுக்களையே கொன்று நெற்றியில் வெண்புள்ளியை நிறுத்திவிடும். மாநிறத்தில் அது மறையாது. அரிப்போ வெளிறலோ கண்ட அன்றே பொட்டை நீக்குக.

வீட்டில் மாவு செய்வார் பச்சைப்பயறு நான்கு பங்கும், பூலாங்கிழங்கும் வெட்டிவேரும் வகைக்கு அரைப்பங்கும், மஞ்சட்கிழங்கு காற்பங்கும் வெயிலில் உலர்த்தி அரைத்து, மெல்லிய துணியிற் சலித்தல் வேண்டும். சலியாத மாவின் முரட்டுத்துகள் தோலைக் கீறும். மஞ்சளைக் கிழங்காகவே வாங்குக; பொடியில் நிறத்துக்காக ஈயக் குரோமேட்டுச் சேர்ப்பாரும் உளர். வாரமொருமுறை நல்லெண்ணெய் பூசி அரைமணி நேரம் இருந்து, இம்மாவை நீரிற் குழைத்துத் தேயாமல் தடவி, வெதுவெதுப்பான நீரிற் கழுவுக. முகப்பரு உடையார் முகத்துக்கு எண்ணெய் இடாது விடுக. புதிதாகப் பூசுவார் முதலில் முழங்கையின் உட்புறத்தே சிறிது தடவி, இரண்டு நாள் பார்த்து, அரிப்பின்றேல் மேனிக்கு இடுக. மாவை ஈரம் படாத கலத்தில் மூடி வைத்தல் வேண்டும், ஈரக்கை பட்ட மாவில் பூஞ்சணம் பிடிக்கும், அதனை எறிந்துவிடுக.