மனச்சிதைவு நோய்க்கு முந்தைய அறிதிறனில் ஆண்–பெண் வேறுபாடு

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய் வெளிப்படையாகத் தெரிவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, சிலரிடம் நினைவாற்றல், கவனம், மொழித்திறன், சிந்தனை வேகம் ஆகியவற்றில் சிறிய பின்தங்கல் காணப்படுகிறது. இது சராசரிக் கணக்கு மட்டுமே. வகுப்பில் முதலாவதாக வந்தவர்களுக்கும் இந்நோய் வருகிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோருக்கு வருவதேயில்லை.

இந்தப் பின்தங்கல் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல் இருக்கிறதா என்பதற்குத் தெளிவான விடை கிடைக்காததற்கு ஒரு காரணம், சான்றுகளில் பெரும்பகுதி ஆண்களிடமிருந்து வந்ததே. சுவீடனில் 1969–70இல் கட்டாயப் படைச்சேவைக்கு அழைக்கப்பட்ட ஏறத்தாழ 50,000 பேரின் அறிதிறன் தேர்வு முடிவுகள் இத்துறையில் அடிக்கடி எடுத்தாளப்படுகின்றன. அவர்கள் அனைவரும் ஆண்கள். நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972–73இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வில் இருபாலரும் உண்டு. ஆனால் பின்னாளில் நோயுற்றோர் சிலரே என்பதால், பால்வாரியாகப் பிரித்து உறுதியாகச் சொல்வது கடினம்.

ஒப்பிடும் முறையிலும் சிக்கல் உள்ளது. பொதுவாகவே மொழித்திறன் தேர்வுகள் சிலவற்றில் பெண்கள் சற்று முன்னிற்கிறார்கள். எனவே நோயுற்ற பெண்ணை, நோயற்ற பெண்களுடன்தான் ஒப்பிட வேண்டும். நோயுற்ற ஆணுடன் அல்ல.

சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1981–82இல், முதன்முறை நோயுற்ற 90 பேரைக் கொண்டு தொடங்கிய நெடுங்கால ஆய்வு உலகளவில் அறியப்பட்டது. மருத்துவர் சாரதா மேனன் 1984இல் நிறுவிய ஸ்கார்ஃப் அமைப்பின் ஆர். தாரா அதைப் பல்லாண்டுகள் தொடர்ந்தார். இத்தகைய ஆய்வுகளில் சேர்பவர் ஏற்கெனவே நோயுற்றவர். அதனால் முந்தைய அறிதிறனைப் பெற்றோரின் நினைவு, படிப்பு ஆகியவற்றைக் கொண்டே ஊகிக்க வேண்டியிருக்கிறது.

இங்கேதான் பெண்களின் நிலை மங்கலாகிறது. பத்தாம் வகுப்போடு நின்ற பையனைப் பற்றி, படிப்பு ஏறவில்லை என்று வீட்டார் சொல்லக்கூடும். அதே வகுப்போடு நின்ற பெண், வயதுக்கு வந்ததாலோ திருமணம் பேசியதாலோ தம்பியைப் பார்த்துக்கொள்ளவோ நிறுத்தப்பட்டிருக்கலாம். மயிலாப்பூரிலோ அடையாறிலோ கல்லூரிவரை படித்த பெண்ணுக்கும் இவளுக்கும் உள்ள வேறுபாடு, அறிதிறனின் வேறுபாடாக ஆகிவிடாது. வீட்டோடு ஒதுங்கிப் பேச்சைக் குறைத்துக்கொண்ட பெண்ணை ‘அடக்கமானவள்’ என்று பாராட்டுவதும் உண்டு. அது நோயின் தொடக்கமாகவும் இருந்திருக்கலாம்.

மேலை நாட்டு முடிவுகளை அப்படியே பொருத்துவதும் சரியன்று. அங்கே ஆண்களுக்குச் சில ஆண்டுகள் முன்னதாக நோய் தொடங்குவதாகப் பல ஆய்வுகள் கூறுகின்றன. பெங்களூரு நிம்ஹான்ஸ் ஆய்வாளர்கள் 1998இல் வெளியிட்ட ஆய்வில் அவ்வேறுபாடு தென்படவில்லை. நோய் எந்த வயதில் தொடங்கியது என்பதைப் பொறுத்தே, அதற்கு முன் எத்தனை ஆண்டுப் படிப்பு வாய்த்தது என்பதும் அமையும்.

எனவே படித்த ஆண்டுகளை எண்ணுவதோடு நில்லாமல், மதிப்பெண் சான்றிதழ்களில் ஆண்டுக்காண்டு ஏற்பட்ட இறக்கத்தையும், படிப்பை நிறுத்தியது யார், ஏன் என்பதையும் மருத்துவர் கேட்டறிய வேண்டியிருக்கிறது.